மெம்பரின் கடைசி ஓட்டு

மெம்பருக்குப் பக்கவாதம் வந்தது ஒரு திறப்பு விழா மேடையில். கத்தரிக்கோலைக் கையில் வாங்கினார், ரிப்பனைப் பார்த்தார், கத்தரிக்கோல் நழுவிக் கீழே விழுந்தது. அதுவும் அவருடைய வழக்கமான குறும்பு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அவர் சாய்ந்து விழுந்த பிறகும் பின்வரிசையில் இரண்டு பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாற்பது வருஷத்துக்கும் மேலாக தேசிய அவையில் ஒரே தொகுதியின் உறுப்பினர். பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மற்றவர்களுக்கெல்லாம் அவர் மெம்பர்தான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்கத் தெரிந்தவர் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். "ரெண்டு வீட்லயும் ஓட்டு இருக்குல்ல" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது பக்கம் செயலற்றுப் போயிருந்தது. பேச்சும் போய்விட்டது. அவையையே கட்டிப்போட்ட அந்த வாயில் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. 'சரி.' தண்ணீர் வேண்டுமா என்றால் சரி. வேண்டாமா என்றாலும் சரி.

"சில பேருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் நின்னுடும்மா" என்றார் டாக்டர். "பாதிப் பேருக்குக் கெட்ட வார்த்தையா நிக்கும். உங்க அப்பாவுக்கு நல்ல வார்த்தையா நின்னிருக்கு."

"நாம சொல்றது அவருக்குப் புரியுதா டாக்டர்?"

"கொஞ்சம் புரியலாம். எவ்வளவுன்னு சொல்ல முடியாது."

கேட்டவள் மூத்த மகள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்து, ஐம்பதைத் தாண்டியவள். காலையில் நர்ஸிடம் அவரை விட்டுவிட்டுக் கடை, மதியத்துக்கு மேல் ஷட்டரை இறக்கிவிட்டு அப்பாவிடம் வந்துவிடுவாள். கடையில் நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் ஒவ்வொரு லென்ஸாக மாற்றி வைத்து, "முதல்ல வச்சதா, இப்ப வச்சதா, எது தெளிவா இருக்கு?" என்று காலை முழுக்கக் கேட்கிறவள் அவள். வீட்டிலும் அதே கேள்விதான். "சூப்பா, ரொட்டியாப்பா?" சரி. "ஜன்னலைத் திறக்கவா, மூடவா?" சரி. கடையில் தெரியாத எழுத்தைத் தெரிகிற மாதிரி படிப்பவர்களை அவள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். அப்பாவிடம் அந்த வித்தை செல்லவில்லை.

முதல் மாதம் அழுதாள். பிறகு அழுகை நின்றது. அதற்குப் பதிலாக எதுவும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி எல்லாம் கனமாக, தன்னுடையதல்லாததாக இருந்தது. அவருக்குச் சவரம் செய்தாள், துணி மாற்றினாள், வாயோரம் துடைத்தாள். சின்ன வயதில் வாரக்கணக்கில் அவள் பார்க்காத அப்பா, பரிசளிப்பு விழாவுக்கு ஒருமுறைகூட வராத அப்பா, இப்போது இருபத்துநாலு மணி நேரமும் எதிரில் உட்கார்ந்திருந்தார். அதை நினைத்துக் கோபப்படலாம் என்று தோன்றியது. அதற்கும் தெம்பு வேண்டுமே.

தம்பிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அப்பாவின் தொகுதி அலுவலகத்தை அவன்தான் பார்த்துக்கொண்டான். நாற்பத்தைந்து வயதில் தொப்பையும் துண்டறிக்கையுமாக, இலவு காத்த கிளியைப் போல அந்த ஸீட்டுக்காகக் காத்திருந்தான். வாரம் ஒருமுறை வருவான், அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுப்பான், போய்விடுவான்.

ஒரு நாள் அவனோடு கொறடாவும் வந்தார். கட்சியின் உறுப்பினர்களை ஓட்டெடுப்புக்கு இழுத்து வந்து உட்காரவைக்கிற வேலை அவருடையது. மெம்பர் கைபிடித்து அரசியலுக்குக் கூட்டிவந்த ஆள். உள்ளே வந்ததும் கண் கலங்கினார். அது நிஜமான கலக்கம்தான். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் கண்ணைத் துடைத்த கையோடு விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"அக்கா, தலைவர் ஒரே ஒரு நாள் அவைக்கு வந்து உக்காந்தா போதும். ஒரு மசோதா இருக்கு. நம்ம ஆளுங்களே ரெண்டு மூணு பேர் முரண்டு பிடிக்கிறாங்க. ஒவ்வொரு ஓட்டும் தேவைப்படுது."

"அவரால பேச முடியாதே."

"பேச வேண்டாம்க்கா. பேசறதுக்குத்தான் அங்க ஏகப்பட்ட பேர் இருக்காங்களே! கையைத் தூக்கணும், அவ்வளவுதான்."

"வலது கை தூக்க வராது."

"இடது கையும் கைதானேக்கா."

"என்ன மசோதா அது?"

"பழைய சட்டமெல்லாம் மூட்டை மூட்டையாக் கிடக்கு. வேண்டாததை எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தை ஒண்ணாச் சேக்கறோம். பரணைச் சுத்தம் பண்ற மாதிரின்னு வச்சுக்கோங்க." கொறடா நாற்காலியின் பக்கம் குனிந்தார். "தலைவரே, வர்றீங்கதானே?"

"சரி" என்றார் மெம்பர்.

"பாத்தீங்களா? இன்னும் சிங்கம்தான்."

"போகட்டும்க்கா" என்றான் தம்பி. "நாலு சுவரையே பாத்துட்டு உக்காந்திருக்கார். அவருக்கும் ஒரு மாறுதல்."

முடியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். டாக்டரைக் கேட்கிறேன் என்று இழுத்தடித்திருக்கலாம். அதற்கெல்லாம் வாய்ச்சண்டை போட வேண்டும். தம்பியைச் சமாளிக்க வேண்டும். அந்தக் கட்டடத்தை ஒரு தடவை பார்த்தால் அப்பாவுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, "கார் அனுப்புங்க" என்றாள்.

ஓட்டெடுப்பு அன்று காலை அவருக்குச் சாம்பல் நிறக் கோட்டை மாட்டிவிட்டாள். உடம்பு வற்றிப்போனதால் கோட்டுக்குள் இன்னொரு ஆளை உட்காரவைக்கலாம் போலிருந்தது. அவையின் வாசலில் காவலர்கள் விறைத்து நின்று வணக்கம் வைத்தார்கள். தாழ்வாரத்தில் எந்தக் கட்சி என்று பார்க்காமல் எல்லோரும் வந்து அவர் தோளைத் தொட்டார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் சரி, சரி என்றார். முகம் மலர்ந்திருந்தது. சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனது கொறடாவின் ஆள். அவளை மாடத்தில் பார்வையாளர் வரிசையில் உட்காரச் சொன்னார்கள்.

மசோதாவை வாசிக்கத் தொடங்கினார்கள். நீக்கப்படும் சட்டங்களின் பெயர்களைச் செயலர் ஒரே சீரான குரலில் படித்துக்கொண்டு போனார். படகுத்துறைக் கட்டணம், விளக்குக் கம்பப் பராமரிப்பு என்று யாருக்கும் நினைவில்லாத சட்டங்கள். அந்தக் குரலில் அவளுக்குத் தூக்கம்கூட வந்தது. அப்போதுதான் அந்தப் பெயர் வந்தது. கல்தூசிச் சட்டம்.

அது அவளுடைய அப்பாவின் சட்டம்.

அவர் முதன்முதலாக அவைக்குப் போன காலம் அது. தொகுதியின் மேற்கே முழுக்கக் கல்குவாரிகள். அங்கே வேலை செய்தவர்கள் நாற்பது வயதில் இருமி இருமிச் செத்தார்கள். காசநோய் என்று எழுதிக் கணக்கை முடித்தார்கள். இளம் மெம்பர் இரண்டு கல்லுடைப்பவர்களின் எக்ஸ்ரே படங்களைக் கோட்டுக்குள் ஒளித்து எடுத்துப்போய், அவையின் உயரமான ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இது நுரையீரல் இல்ல, கல்லு. பாத்துக்குங்க" என்றார். வெளியே தூக்கிப் போட்டார்கள். மறுபடி போனார். இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை சட்டமானது. தூசி தின்ற நுரையீரலுக்கு உயிருள்ளவரை குவாரிக்காரன்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். அந்தச் சட்டத்தால் குவாரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியே வந்தது. அதற்குப் பிறகு அவர் எத்தனையோ பாலம், பள்ளிக்கூடம், ரோடு என்று செய்திருக்கிறார்; கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக எத்தனையோ வேலைகளும் பார்த்திருக்கிறார். ஆனால் அவரை யார் புகழ்ந்தாலும் அந்த எக்ஸ்ரேயில்தான் தொடங்குவார்கள்.

கீழே அப்பாவின் பின்தலை தெரிந்தது. அந்தப் பெயர் படிக்கப்பட்டபோது தலை அசைந்ததா? அவளுக்கு அப்படித் தெரியவில்லை. எழுந்து கத்தலாம். மாடத்தில் சத்தம் போட்டால் காவலர்கள் வெளியே தள்ளுவார்கள், அவ்வளவுதான். அவள் கைப்பையை மடியில் வைத்து, அதன் கொக்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் அவைத்தலைவர். வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. மெம்பரின் கை எழவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவருடைய இடது முழங்கையின் கீழே கைகொடுத்து, ஊன்றுகோல் வைத்த வாழைத்தார் மாதிரி, தூக்கி நிறுத்தினார்.

எதிர்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் துள்ளி எழுந்தார். எல்லோரும் அவரை வக்கீலம்மா என்பார்கள். ஒரு காலத்தில் மெம்பரை எதிர்த்து நின்று, மறுபடி மறுபடி தோற்று, கடைசியில் வேறு தொகுதியில் ஜெயித்து உள்ளே வந்தவர்.

"தலைவர் அவர்களே! அந்தக் கையை அவரா தூக்கல. தூக்கி விட்டிருக்காங்க. இதைக் கணக்குல எடுக்கக்கூடாது!"

கூச்சல் எழுந்தது. அவைத்தலைவர் மணியை அடித்து அடித்து அமைதியாக்கினார். பிறகு நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, மரியாதையான குரலில் கேட்டார்: "மூத்த உறுப்பினர் அவர்களே, இது உங்கள் ஓட்டுத்தானா?"

"சரி" என்றார் மெம்பர்.

சிரிப்பும் கைதட்டலும் ஒன்றாக வெடித்தன. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது.

காரில் திரும்பும்போது அப்பா களைத்துத் தூங்கிவிட்டார். வாய் திறந்திருந்தது. தம்பி முன்சீட்டிலிருந்து போனில் யாரிடமோ, "கடைசி வரைக்கும் கட்சிக்காக உழைச்ச மனுஷன்" என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

"அந்தச் சட்டம் இதுல இருக்குன்னு உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டாள்.

அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான். "அது பழைய காலத்துச் சட்டம்க்கா. இப்பல்லாம் மெஷின்தான் கல்லு வெட்டுது."

அவள் அப்பாவின் வாயோரம் துடைத்தாள்.

அடுத்த வாரம் குவாரிப் பக்கத்திலிருந்து ஐந்தாறு பேர் வீட்டுக்கு வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் மூக்கில் குழாயோடு, சிறிய ஆக்ஸிஜன் சிலிண்டரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். யாரும் கோபமாகப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் புதுச் சீட்டு போடுவதை நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். மெம்பர் எல்லோரையும் பார்த்து சரி, சரி என்றார். அதைக் கேட்கக் கேட்க, வந்தவர்களில் ஓர் அம்மாளின் முகம் மாறியது. கல்லுடைப்பவரின் மனைவியாக இருந்து விதவையானவர். இப்போது மகனுக்கும் அதே இருமல்.

"ஏம்மா" என்றார் அவர், மகளைப் பார்த்து. "வாயில்லாத மனுஷனை எதுக்கும்மா அங்க கூட்டிட்டுப் போன?"

"கார் வந்துச்சு" என்றாள் அவள். "கூட்டிட்டுப் போனேன்."

அந்த அம்மாள் டீயைத் தொடாமல் எழுந்துபோனார்.

வக்கீலம்மா கடைக்கே வந்துவிட்டார். கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"விசாரணைக் குழு ஒண்ணு இருக்கும்மா. அங்க மனு கொடுத்திருக்கேன். உங்க அப்பாவுக்கு 'சரி'யைத் தவிர வேற வார்த்தை வராதுன்னு ஊருக்கே தெரியும். ஆனா ஊர் சொன்னா எடுபடாது. வீட்டு ஆள் வந்து சொல்லணும். சொன்னா அந்த ஓட்டு செல்லாமப் போகும், மசோதாவும் விழும்."

"சொன்னா அப்பாவோட பதவி?"

வக்கீலம்மா பூசி மெழுகவில்லை. "அது போயிடும். சுயநினைவு சரியில்லைன்னு தீர்ப்பாகும். பேப்பர்ல அப்படித்தான் போடுவாங்க."

அவள் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

"அவரை நான் முப்பது வருஷமாத் திட்டியிருக்கேன்" என்றார் வக்கீலம்மா. "அந்த எக்ஸ்ரே விஷயத்துல மட்டும் திட்டினதில்ல."

"வர்றேன்" என்றாள் அவள். துணிந்து எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. கொறடாவிடம் 'கார் அனுப்புங்க' என்று சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னாள். அது அவள் காதுக்கே கேட்டது.

தம்பி விஷயம் தெரிந்து ஓடிவந்தான். "அப்பா பேர்ல மண்ணை வாரிப் போடப் போறியாக்கா? வாழ்நாள் முழுக்கச் சம்பாதிச்ச மரியாதைடா... மரியாதைக்கா அது!" கோபத்தில் அவனுக்கு முறை குழறியது. "அவர் பதவியில இருக்கும்போதே கண்ணை மூடினா ஊரே திரண்டு வரும். நாளைக்கு நான் நிக்கிறதுக்கும் அதுதானே..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

குழுவின் அறை சிறியது. நீள மேஜை, தண்ணீர் ஜாடி, ஜன்னலே இல்லாத சுவர். குழுத் தலைவரின் கண்ணாடி இடதுபக்கம் இறங்கியிருந்தது. ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினால் போதும் என்று அவள் மனம் தன்பாட்டில் நினைத்தது. மேஜையின் அந்தப் பக்கம் கொறடாவும் தம்பியும். நடுவில் அப்பா, அதே சாம்பல் நிறக் கோட்டில்.

"அவருக்குப் புரியறதில்லைன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?" என்றார் தலைவர்.

"புரியுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. அவர் சொல்ற பதில்ல எதையும் கண்டுபிடிக்க முடியாது. அது மட்டும் தெரியும்."

"காட்ட முடியுமா?"

வீட்டில் யோசித்து வைத்திருந்த கேள்விகள் எதுவும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அவள் அப்பாவின் முன்னால் மண்டியிட்டு, அவர் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அப்பா, நான் உங்க பொண்ணுதானே?"

"சரி."

"நான் உங்க பொண்ணு இல்லைப்பா. இல்லைதானே?"

"சரி" என்றார் மெம்பர், அதே முகமலர்ச்சியோடு.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். கொறடா ஜாடியிலிருந்து தண்ணீரை ஊற்றி, குடிக்காமல் வைத்தார். அவள் எழுந்து முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டாள். உள்ளே எங்கோ ஒன்று அறுந்திருக்க வேண்டும். வலி மட்டும் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்து அன்று முழுக்கக் காத்திருந்தாள்.

தீர்ப்பு ஒரு மாதம் கழித்து வந்தது. உறுப்பினர் கடமையாற்றும் நிலையில் இல்லாததால் இடம் காலியாகிறது. ஆனால் தீர்ப்பு நாளிலிருந்துதான் அது பொருந்தும். ஓட்டெடுப்பு அன்று அவர் முறையான உறுப்பினர், ஆகவே அன்று போட்ட ஓட்டு செல்லும்.

வக்கீலம்மாதான் போனில் சொன்னார். "ரெண்டுமே போச்சும்மா. நான் உன்னை வீணா இழுத்துட்டேன்."

"பரவாயில்லைங்க" என்றாள் அவள். அடுப்பில் அப்பாவின் சூப் பொங்கிக்கொண்டிருந்தது. போய் அணைத்தாள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக நின்றது. காவலர் போனார், கார் போனது. விடிந்தால் வாசலில் நிற்கும் கூட்டம், காக்கை விரட்டின மாதிரி, ஒரே நாளில் இல்லாமல் போனது. குவாரி ஆஸ்பத்திரியில் பழைய நோயாளிகளுக்கு மட்டும் ஒரு டாக்டர் பிடிவாதமாக வந்துகொண்டிருந்தார். சிலிண்டர்க்காரர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. சாவுக்கு அவள் போனாள். அந்த விதவை அம்மாள் அவளுக்கு உட்கார இடம் காட்டினார், பேசவில்லை. இடைத்தேர்தலில் தம்பி அப்பாவின் படத்தைப் போட்டு நின்றான். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்திருக்கும் இளம் மெம்பரின் படம். எதிரில் வக்கீலம்மாவின் கட்சி ஒரு பள்ளிக்கூட ஆசிரியையை நிறுத்தியது. சட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று அவர் குவாரி குவாரியாக நடந்தார். தம்பி ஜெயித்தான். ஆனால் அப்பா ஒரு தடவைகூடக் காணாத அளவுக்கு மயிரிழையில்.

அந்த இடைத்தேர்தலில் ஓட்டுப்போடும் நாளன்று அவள் அப்பாவையும் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அவையில்தான் அவருக்கு இடமில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தது. சாவடி ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. உள்ளே இருந்த அதிகாரி இளம்பெண்.

"ஐயாவால முடியலைன்னா கூட வந்தவங்க குறிச்சுக் கொடுக்கலாம்" என்றாள் அந்த அதிகாரி. "சட்டத்துல இடமிருக்கு."

"வேண்டாம். அவரே போடட்டும்."

"யாருக்குப் போடறோம்னு தெரிஞ்சு போடுவாரா மேடம்?"

"தெரியாதும்மா" என்றாள் மகள். "அவரே போடட்டும்."

மறைப்புக்குள் நாற்காலியைத் தள்ளி, சீட்டைப் பலகையில் விரித்து, பென்சிலை அவர் இடது கையில் வைத்துவிட்டு, அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்களை ஒட்டியிருந்தார்கள். நாலு கால் பூனை, அஞ்சு கால் பூனை, வீட்டைவிடப் பெரிய கோழி. பின்னால் பென்சில் உரசும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. வரிசையில் யாரோ செருமினார்கள். அவள் திரும்பவில்லை. வெகுநேரம் கழித்துக் காகிதத்தைக் கசக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் சீட்டைக் கோணல்மாணலாக மடித்து முடித்திருந்தார். பெட்டியின் துளையில் அது போகவில்லை. அதிகாரி பெட்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள், அவரே விரலால் அழுத்தி உள்ளே தள்ளினார்.

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவரைப் படுக்கவைத்தாள். நர்ஸ் வந்த பிறகு கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினாள். கண்ணாடி உடைந்துபோன ஒரு பெரியவர் படியிலேயே உட்கார்ந்து காத்திருந்தார். "வாங்க ஐயா, உள்ள வந்து உக்காருங்க" என்று விளக்கைப் போட்டாள்.